வீட்டு வேலையில் மாற்றம் வந்தால் திகதியைக் காப்பது எப்படி: புதிதாகப் பொறுப்பெடுப்பவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் இப்போது எழும்பும் வீடுகளில் பலவற்றின் சொந்தக்காரர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஒஸ்லோவிலோ இருக்கிறார். இங்கே நின்று வேலையைப் பார்ப்பது மருமகன், தம்பி, அல்லது அதற்கென்று சம்பளத்துக்கு அமர்த்திய ஓர் இளைஞர். மேசன், ஓடாவி, வயறிங்காரர், பைப் வேலைக்காரர் எல்லோரையும் ஒழுங்குபடுத்தி, சொன்ன நாளில் வீட்டை ஒப்படைப்பது அவர் பொறுப்பு. முதன்முதலாக அந்தப் பொறுப்பை எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வேலை தொடங்கி நடுவில் நிற்கும்போது மாற்றம் வரும். வராத வீடு கிடையாது. குசினியைப் பெரிதாக்கச் சொல்வார்கள், அம்மாவின் அறைக்குக் குளியலறை சேர்க்கச் சொல்வார்கள், மேலே ஒரு தட்டு வேண்டும் என்பார்கள். தங்கள் காசில், தாங்கள் இருக்கப்போகிற வீட்டில், மனம் மாறுவதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. வேலை குழம்புவது அந்த மாற்றத்துக்கு நாம் உடனே “ஓம்” சொல்லிவிட்டு, முடியும் திகதியைப் பற்றி வாயே திறக்காமல் விடும்போதுதான். எந்த மாற்றத்துக்கும் முதலில் திகதி, பிறகு சம்மதம். இந்த ஒழுங்கு பிடிபட்டால் மிச்சமெல்லாம் பழக்கத்தில் வரும்.

எது எதற்காகக் காத்திருக்கிறது என்று எழுதுங்கள்

ஒரு கொப்பியில் வேலைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் “இது தொடங்குவதற்கு எது முடிந்திருக்க வேண்டும்?” என்று குறியுங்கள். அத்திவாரம் முடியாமல் சுவர் இல்லை. சுவர் லின்ரல் (கதவு, யன்னலுக்கு மேல் வரும் கொங்கிறீற் சட்டம்) மட்டத்துக்கு வராமல் மேல்தளத்துக்குப் பலகை அடிக்க முடியாது. சுவருக்குள் போகும் வயறிங் குழாய் முடியாமல் பூச்சு இல்லை. பூச்சு காயாமல் பெயின்ற் இல்லை. ரைல்ஸ் பதித்த பிறகுதான் குசினி அலுமாரிக்கு அளவு எடுப்பார்கள்.

இப்படி எழுதினால், அத்திவாரத்திலிருந்து குடிபூரல் வரை இடைவெளியே இல்லாத ஒரு நீண்ட சங்கிலி தெரியும். அதில் ஒரு நாள் தவறினால் கடைசித் திகதியும் ஒரு நாள் தள்ளும். மதில், கேற், தண்ணீர்த் தாங்கி, முற்றத்துக்குக் கல் பதிப்பது போன்றவை சங்கிலிக்கு வெளியே நிற்பவை. ஒரு கிழமை முன்பின் ஆனாலும் குடிபூரலைப் பாதிக்காது. பொறியியலில் இந்தச் சங்கிலியைக் கணக்கிட்டுக் கண்டுபிடிக்கும் முறை 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பெரிய இரசாயனத் தொழிற்சாலைகளின் வேலைகளுக்காக உருவானது. நமக்குக் கணினி கூட வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு தாள் போதும்.

இந்தத் தாள் இல்லாமல் மாற்றத்துக்குத் திகதி சொல்ல முயல வேண்டாம். மதிலின் உயரத்தைக் கூட்டச் சொல்வதும் ஹோலுக்கும் குசினிக்கும் இடையே உள்ள சுவரை எடுக்கச் சொல்வதும் போனில் ஒரே மாதிரித்தான் கேட்கும். முதலாவது சங்கிலிக்கு வெளியே நிற்கும் வேலை, காசு மட்டும் கூடும். இரண்டாவதில் அந்தச் சுவருக்கு மேல் பீம் வேண்டும், பீம் மாறினால் மேல்தளக் கம்பி மாறும், அது நேராகச் சங்கிலியில் விழுகிறது.

காத்திருப்பு நாட்களையும் வேலையாகவே எழுதுங்கள். மேல்தளக் கொங்கிறீற் போட்டபின் குறைந்தது 7 நாள் தண்ணீர் விட வேண்டும். அதைத் தாங்கி நிற்கும் முட்டும் பலகையும் கழற்ற, தளத்தின் அகலத்தையும் பீமின் நீளத்தையும் பொறுத்து, சாதாரணமாக 14 முதல் 21 நாள் விடுவார்கள். எஞ்சினியர் சொல்லும் நாள்தான் கணக்கு. அந்த நாட்களில் வீட்டுக்குள் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். ஆனால் மாற்றம் வரும்போது உங்களைக் காப்பாற்றப் போவதும் அந்த நாட்கள்தான். அதைப் பிறகு காட்டுகிறேன்.

ஊர்க் காலண்டரை மேலே விரியுங்கள்

கடைகளில் தொங்கும் சாதாரணக் காலண்டரில் ஞாயிறும் போயாவும் தெரியும். வேலைத்தளத்துக்கு அது போதாது. சித்திரை வருடப் பிறப்புக்கு வெளியூரிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் வீட்டுக்குப் போனால், ஏப்ரல் 14க்கு மறுநாளே திரும்பி வரமாட்டார்கள். தைப்பொங்கலும் அப்படியே. உங்கள் மேசனின் ஊர்க் கோயில் திருவிழா எப்போது என்று முதல் நாளே கேட்டு எழுதுங்கள். பத்து நாள் திருவிழாவில் தேர், தீர்த்தத்துக்கு அவர் வரமாட்டார். வரச்சொல்லிக் கேட்பதும் முறையில்லை. நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளால் லொறி போகாது. நல்லூர்ப் பக்கம் வேலை என்றால் மணலும் கல்லும் கொடியேற்றத்துக்கு முன்பே வந்து இறங்கியிருக்க வேண்டும்.

மழை எல்லாவற்றிலும் பெரியது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவமழை. நவம்பர் கடைசியில் புயலோடு சேர்ந்து வந்தால் என்ன நடக்கும் என்பதை 2008இல் நிஷா புயல் யாழ்ப்பாணத்துக்குக் காட்டியது. அத்திவாரக் கிடங்கு, வெளிப்பூச்சு, வெளிப் பெயின்ற், முற்றம் ஆகிய நான்கையும் இந்த மூன்று மாதங்களுக்குள் தள்ளும் மாற்றம் எதுவானாலும், தள்ளும் நாட்களைப் போல இன்னொரு மடங்கு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அப்புறம் குடிபூரல் நாள். இதைத் தெரியாமல் திட்டம் போடவே கூடாது. லண்டனில் பிள்ளைகளுக்கு விடுமுறை தொடங்குவது ஜூலை பிற்பகுதியில். அது இங்கே ஆடி மாதம். ஆடியில் யாரும் குடிபூரமாட்டார்கள். ஆவணி பிறப்பது ஓகஸ்ட் 17ஐ ஒட்டி. செப்டெம்பர் தொடக்கத்தில் பள்ளிக்கூடம். இடையில் இருப்பது ஏறக்குறைய இரண்டு கிழமை, அதற்குள் ஒரு நல்ல நாள். அந்த நாளுக்கு ஆறு மாதத்துக்கு முன்பே ரிக்கெற் போட்டிருப்பார்கள், ஐயரிடம் சொல்லியிருப்பார்கள். தவறினால் புரட்டாதி, அதையும் பலர் தவிர்ப்பார்கள், மழையும் வந்துவிடும். ஆகவே இது அசையாத திகதி. திகதி அசையாது, வேலை கூடுகிறது என்றால் வேறெதுவோ குறைய வேண்டும் அல்லது பின்னுக்குப் போக வேண்டும். எது என்பதைச் சொந்தக்காரரோடு சேர்ந்து தீர்மானிப்பதுதான் உங்கள் வேலை.

மாற்றம் வருமுன்பே முடிவுத் திகதிகளைக் கொடுங்கள்

பல மாற்றங்கள் உண்மையில் பிந்தி வந்த முடிவுகள். ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால் ஒரு நாளும் வீணாகியிருக்காது. அதனால் வேலை தொடங்கிய முதல் கிழமையிலேயே சொந்தக்காரருக்கு ஒரு பட்டியல் அனுப்புங்கள்: எந்த விடயத்தை எந்தத் திகதிக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று.

மேலே எப்போதாவது ஒரு தட்டு கட்டும் எண்ணம் உண்டா என்பது அத்திவாரத்துக்கு முன் வேண்டும். இதைக் கேட்காமல் ஒரு கிடங்கும் வெட்ட விடாதீர்கள். குளியலறைகள் எத்தனை, எங்கே என்பதும் அத்திவாரத்துக்கு முன். ஏசி பூட்டும் அறைகள், கூடுதல் பிளக், கமெரா வயர் ஆகியவை பூச்சுக்கு முன். கதவு, யன்னல் மரமா அலுமினியமா என்பது சுவர் எழும்ப முன், ஏனென்றால் நிலையின் அளவு மாறும். மரம் என்றால் காய்ந்த மரம் தேட ஓடாவிக்கு நாள் வேண்டும். பச்சை மரத்தில் செய்த கதவு ஒரு மழைக்காலத்துக்குள் முறுக்கிக்கொள்ளும். ரைல்ஸ் எது என்பது பூச்சு தொடங்கும்போது. 2020க்குப் பிறகு ரைல்ஸ், குளியலறைச் சாமான்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், படத்தில் பார்த்த ரைல்ஸ்தான் வேண்டும் என்று நின்றவர்களின் வீடுகள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன. கையில் இருப்பு உள்ளதா என்று கடையில் கேட்டபிறகுதான் எந்தச் சாமானையும் பட்டியலில் ஏற்ற வேண்டும்.

நேர வித்தியாசத்தையும் கணக்கில் எடுங்கள். ரொறன்ரோவில் காலை 8 மணி ஆகும்போது இங்கே மாலை 5.30, அங்கே குளிர்காலம் என்றால் 6.30. மேசன்மார் கை கழுவிவிட்டுப் போய்விட்டார்கள். நீங்கள் பகலில் கேட்கும் ஒரு கேள்விக்குப் பதில் வர ஒரு வேலைநாள் போய்விடும். மூன்று கேள்வியை மூன்று நாளாகக் கேட்டால் மூன்று நாள். ஒரே செய்தியில், படத்தோடு, “இதுவா அதுவா” என்று பதில் சொல்லக்கூடிய விதத்தில் கேளுங்கள். “என்ன செய்வம் அண்ணை?” என்று மொட்டையாகக் கேட்டால் அவர் நாலு பேரிடம் கேட்டுவிட்டு ஐந்தாவது யோசனையோடு வருவார்.

கோல் வந்தது. என்ன சொல்வது?

“தம்பி, மேலயும் ஒரு அறை போடுவமே? செலவைப் பற்றி யோசிக்காதேங்கோ.”

“போடலாம் அண்ணை. அத்திவாரம் ஒரு தட்டுக்கெண்டுதான் போட்டது. எஞ்சினியரிட்டக் காட்டிப்போட்டு, எவ்வளவு நாள் கூடும், காசு எவ்வளவு எண்டு வெள்ளிக்கிழமை சொல்லுறன். அதுமட்டும் இப்ப போற வேலை போகட்டும்.”

இந்தப் பதிலில் மறுப்பு இல்லை. சம்மதமும் இல்லை. பதில் வரும் நாள் இருக்கிறது, அதுவரைக்கும் வேலை நிற்காது என்ற உறுதியும் இருக்கிறது. வயதில் மூத்தவர், காசு போடுபவர், சில வேளை சொந்த மாமா. அவருக்கு “ஏலாது” என்று சொல்ல நாக்கு வராது. சொல்லவும் வேண்டாம். நாள் கேளுங்கள்.

அந்த நாட்களுக்குள் நீங்கள் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஏற்கெனவே கட்டிய எதையாவது உடைக்க வேண்டுமா? சங்கிலியில் எந்த இடத்தில் விழுகிறது? வரைபடமும் அனுமதியும் மாறுமா? புதிய சாமான் வேண்டுமா, அது யாழ்ப்பாணத்தில் உண்டா, கொழும்பிலிருந்து வர வேண்டுமா? யாருடைய முறை குழம்பும்? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ரைல்ஸ் பதிப்பவர் உங்கள் வீட்டுக்கு ஜூலை 6ஆம் திகதி வருவதாகச் சொல்லியிருப்பார். நீங்கள் அதை 20க்குத் தள்ளினால், 20ஆம் திகதி அவர் வேறொரு வீட்டில் பாதி வேலையில் நிற்பார். இரண்டு கிழமைத் தாமதம் நாலு கிழமை ஆவது இப்படித்தான். திகதி தள்ளும்போது பின்னால் வரும் ஒவ்வொருவருக்கும் அன்றைக்கே கோல் எடுத்துக் கேட்டபிறகுதான் புதிய திகதியைச் சொல்ல வேண்டும்.

எஞ்சினியரிடம் கேட்பதை ஒருபோதும் தவிர்க்க வேண்டாம். “தாங்கும், நான் எத்தனை வீடு கட்டினனான்” என்று மேசன் சொல்வார். அவரின் அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் அத்திவாரத்தின் மேல் ஏறும் பாரத்துக்குக் கையெழுத்து வைப்பவர் அவரில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஒரு தட்டு வீடு, மேலே பிளாற் (கொங்கிறீற் மேல்தளம்). மேல்தளக் கொங்கிறீற் மே 15க்குத் திட்டம். 21 நாளில் முட்டுக் கழற்ற ஜூன் 5. உள், வெளிப் பூச்சுக்கு நாலு கிழமை, ஜூலை 3. ரைல்ஸுக்கு மூன்று கிழமை, ஜூலை 24. பெயின்ற், கதவு, லைற், குளியலறைச் சாமான் பூட்ட மூன்று கிழமை, ஓகஸ்ட் 14. குடிபூரல் ஓகஸ்ட் 24. கையில் பத்து நாள் இருக்கிறது. இந்தப் பத்து நாளைக் கடைசியில் ஒரே இடத்தில் வைத்திருப்பது நல்லது. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு நாள் கூட்டிச் சொன்னால், கூட்டிய நாளெல்லாம் அந்தந்த வேலைக்குள்ளேயே கரைந்துபோகும்.

ஏப்ரல் கடைசியில், சுவர் லின்ரல் மட்டத்தில் நிற்கும்போது, அம்மாவின் அறைக்கு ஒரு குளியலறை சேர்க்கச் சொல்லி அக்கா கேட்கிறார். நியாயமான கேள்வி. இரவில் முதுமையான ஒருவர் வெளிக் குளியலறைக்கு நடக்கக் கூடாது. இதைச் செய்யத்தான் வேண்டும்.

வழக்கமான வழி: எல்லா வேலையையும் நிறுத்தி, குளியலறையின் சுவரையும் அதே மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றாகப் பிளாற் போடுவது. படம் திருத்த 3 நாள், அத்திவாரம் வெட்டிக் கட்ட 4 நாள், சுவர் எழுப்ப 5 நாள். 12 வேலைநாள், அதாவது இரண்டு கிழமை. கொங்கிறீற் மே 29க்குப் போகும். முட்டுக் கழற்ற ஜூன் 19, பூச்சு முடிய ஜூலை 17, ரைல்ஸ் முடிய ஓகஸ்ட் 7, எல்லாம் முடிய ஓகஸ்ட் 28. குடிபூரல் நாலு நாளுக்கு முன்பே முடிந்திருக்கும். பன்னிரண்டு நாள்தானே என்று ஓம் சொன்னால் இப்படித்தான் முடியும்.

இன்னொரு வழி உண்டு. அந்த அறைச் சுவரில் புதிய கதவு வரும் இடத்துக்கு லின்ரலை மட்டும் இப்போதே வைத்துவிடுங்கள். குளியலறைத் தளம் வந்து சேரும் இடத்தில், பிறகு இணைக்க வேண்டிய கம்பிகளை எஞ்சினியர் சொல்கிறபடி வெளியே நீட்டி விடுங்கள். அவர் வந்து பார்ப்பதையும் சேர்த்து இரண்டு நாள் போகும். பெரிய வீட்டுக் கொங்கிறீற் மே 17. அதன்பின் முட்டு நிற்கும் மூன்று கிழமையும் மேசன்மாருக்கு உள்ளே வேலை இல்லை. அந்த நாட்களில் படம் திருத்தி, குளியலறையின் அத்திவாரத்தையும் சுவரையும் கட்டுங்கள். ஏற்கெனவே உள்ள அத்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குளியலறையின் சின்னத் தளத்தைத் தனியாகப் போட்டால், அதன் முட்டு நிற்கும்போது பெரிய வீட்டில் பூச்சு நடக்கும். ரைல்ஸ்காரர் வரும்போது இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். முடிவு ஓகஸ்ட் 16. கையில் இன்னும் எட்டு நாள்.

இதற்கு விலை உண்டு. கொங்கிறீற் கலக்கும் மெஷினை இன்னொரு நாள் வாடகைக்கு எடுக்க வேண்டும். பழைய தளமும் புதிய தளமும் சேரும் இடத்தில் தண்ணீர் ஒழுகாமல் தனியாகக் காப்பு வேலை செய்ய வேண்டும். ரைல்ஸ் பதிக்க முன் குளியலறையில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டி ஒழுக்குப் பார்க்க வேண்டும். இரண்டு வழியையும், இரண்டின் திகதியையும், இரண்டின் காசையும் அக்காவிடம் வையுங்கள். தெரிவு அவருடையது. தெரிந்து தெரிவு செய்யும் ஒருவர் பிறகு உங்களைக் குறை சொல்வது அரிது.

அதே குளியலறையை அத்திவாரத்துக்கு முன் கேட்டிருந்தால், மொத்த வேலையோடு போய், ஒன்றிரண்டு நாள்தான் கூடியிருக்கும். ரைல்ஸ் பதித்தபின் கேட்டிருந்தால் சுவரை உடைக்க வேண்டும், தூசி எல்லா அறைக்கும் போகும், பெயின்ற் இரண்டாம் முறை. அந்த நிலையில் “குடிபூரலுக்குப் பிறகு செய்வம் அக்கா” என்பதுதான் நேர்மையான பதில்.

நிலத்துக்கும் சபைக்கும்

குளியலறை கூடினால் மலக்குழியும் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணக்கல். வெடிப்புகளூடாகக் கழிவு நீர் நிலத்தடி நீரில் இலகுவாகக் கலந்துவிடும், நாமோ கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறோம். சொந்தக் கிணற்றிலிருந்து மட்டுமல்ல, வேலிக்கு அப்பால் அயலவரின் கிணற்றிலிருந்தும் குழி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று நாடா பிடித்து அளந்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சபையிலும் கேளுங்கள். நாளை மிச்சப்படுத்தவென்று இந்தப் படியைத் தாண்ட வேண்டாம்.

வெளிச்சுவரின் எல்லை மாறினாலும் தட்டு கூடினாலும் மாநகர சபையோ பிரதேச சபையோ அங்கீகரித்த வரைபடம் இனிப் பொருந்தாது. திருத்திய படத்துக்கு அனுமதி எடுக்கும் நாட்களையும் திட்டத்தில் எழுதுங்கள். எடுக்காமல் கட்டினால், முடிவில் குடியிருப்பதற்கான சான்றிதழ் எடுக்கும்போது சிக்கல் வரும்.

ஆளைக் கூட்டினால் நாள் குறையுமா?

காசு வைத்திருப்பவர் முதலில் கேட்பது இதைத்தான். சில வேலைக்குக் குறையும். மதில் நீளமாக இருந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டிக்கொண்டு வரலாம். பெயின்றுக்கு ஆள் கூட்டலாம். ஒரு குளியலறைக்குள் இரண்டு ரைல்ஸ்காரர் நின்று வேலை செய்ய இடமில்லை. கொங்கிறீற் இறுகும் நாளை எத்தனை பேர் வந்தாலும் குறைக்க முடியாது. கடைசிக் கிழமைகளில் புதிதாக வருபவருக்கு எந்த வயர் எங்கே போகிறது என்று காட்டுவதற்கே உங்கள் பழைய ஆள் வேலையை விட்டுவிட்டு நிற்பார். ஆள் கூட்டுவதானால் முன்கூட்டியே, இடம் உள்ள வேலைக்கு மட்டும்.

அன்றிரவே எழுத்தில் போடுங்கள்

போனில் பேசியது போனோடு போய்விடும். பேசி முடிந்த இரவே வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். குரல் பதிவு வேண்டாம். மூன்று மாதம் கழித்துத் தேட முடியாது. இப்படி எழுதலாம்:

“அக்கா, மாற்றம் 3. அம்மாவின் அறைக்குக் குளியலறை. பிளாற்றுக்குப் பிறகு தனியாகக் கட்டுவது. வேலை முடியும் நாள் ஓகஸ்ட் 14இலிருந்து 16க்குப் போகும். குடிபூரல் நாளில் மாற்றமில்லை. கூடும் காசு மதிப்பீட்டில் உள்ளது, படம் இணைத்துள்ளேன். இந்த விலை வரும் ஞாயிறு வரைதான். ஞாயிறுக்குள் ‘சம்மதம்’ என்று போட்டால் திங்கள் கம்பி வாங்குவேன். பதில் வராவிட்டால் பழைய படத்தின்படி பிளாற் போடுவோம்.”

கடைசி வரி முக்கியம். பதில் வராவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்லாவிட்டால், வேலைத்தளம் முழுவதும் ஒருவரின் பதிலுக்காகக் காத்து நிற்கும். விலைக்கு நாள் வைப்பதும் அதேபோல்; 2022இல் சீமெந்தும் கம்பியும் ஏறிய வேகத்தைப் பார்த்தவர்கள் யாரும் திகதி போடாமல் விலை சொல்வதில்லை. மேசனோடும் அப்படியே. “எக்ஸ்ரா வேலை” என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடாமல், எத்தனை நாள், கூலி எவ்வளவு, எப்போது கொடுப்பது என்பதைக் கொப்பியில் எழுதி அவருக்கும் காட்டுங்கள். சனிக்கிழமைச் சம்பளத்தில் எழும் சண்டைகளில் பாதி, எழுதாத எக்ஸ்ரா வேலையால் வருவது.

பாடசாலைக் கட்டடம், நிறுவன வேலை என்றால் இந்த எழுத்து இன்னும் கடுமையானது. ஒப்பந்தத்தில் மாற்று வேலைக்கும் காலநீடிப்புக்கும் எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று இருக்கும். சர்வதேச அளவில் பாவிக்கும் ஃபிடிக் (FIDIC, ஆலோசனைப் பொறியியலாளர்களின் சர்வதேச அமைப்பு) 1999 மாதிரி ஒப்பந்தங்களில் அது 28 நாள். தவறினால் காலநீடிப்புக் கேட்கும் உரிமையே போய்விடும். உங்கள் ஒப்பந்தத்தில் அந்தப் பந்தியை முதல் நாளே தேடி, கோடிட்டு வையுங்கள்.

மாற்றங்களுக்கு 1, 2, 3 என்று இலக்கம் போடுங்கள். முதலில் போட்ட திட்டத்தை அழித்து எழுதாதீர்கள். பழைய தாளைக் கொப்பியில் ஒட்டி, புதிய திகதியை வேறு நிறப் பேனையால் பக்கத்தில் எழுதுங்கள். பெரிய மாற்றத்தை எல்லோரும் கவனிப்பார்கள். ஒரு பிளக் இங்கே, சாமான் வைக்க ஒரு சுவர்த் தட்டு அங்கே, யன்னலை அரை அடி தள்ளு என்று வரும் சின்னவைதான் ஒன்றும் தெரியாமல் ஒரு கிழமையைத் தின்றுவிடும். அவற்றையும் எழுதுங்கள். பத்தாவது வரும்போது அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் போதும், நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

கடைசி மூன்று கிழமை

குடிபூரலுக்கு மூன்று கிழமை இருக்கும்போது, இனிமேல் புதிய மாற்றம் இல்லை என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் சொந்தக்காரர் வந்து இறங்குவார், வீட்டை முதன்முதல் கண்ணால் பார்ப்பார், மாற்ற வேண்டியது நிறையத் தோன்றும். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பால் காய்ச்சுகிற அன்றைக்கு இருந்தே ஆக வேண்டியவை எவை என்று அவரோடு இருந்து பிரியுங்கள்: குசினி, சாமியறை, ஒரு குளியலறையாவது, தண்ணீர், மின்சாரம், பூட்டக்கூடிய கதவுகள், விருந்துக்குப் பந்தல் போட வெட்டை. இரண்டாவது அறையின் அலுமாரி, கேற்றின் பெயின்ற், மாடிப்படிக் கைபிடி போன்றவை பின்னுக்குப் போகலாம். கைபிடி பின்னுக்குப் போனால், விருந்தன்று பிள்ளைகள் ஏறாதபடி மாடிப்படியை மறித்துக் கட்டிவிடுங்கள்.

பின்னுக்குப் போனவற்றுக்கும் திகதி வேண்டும். குடிபூரல் முடிந்த மறுநாள் எல்லோரும் களைத்திருப்பார்கள், மேசன் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார். ஆகவே அவர் திரும்பி வரும் நாளை முன்பே பேசி, சம்பளத்தில் ஒரு பகுதியை அந்த வேலைக்கென்று நிறுத்தி வையுங்கள்; அவருக்கும் அது தெரிந்திருக்கட்டும். சொந்தக்காரர் விமானம் ஏறுமுன் அந்தப் பட்டியலை அவரோடு அறை அறையாக நடந்து பார்த்து, ஒவ்வொன்றுக்கும் நேரே திகதியும் செய்பவரின் பெயரும் எழுதி, இருவரும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வெளிவேலைகள் ஒக்டோபருக்கு முன் வருமாறு அடுக்குங்கள்; உள்வேலை மழைக்காலத்திலும் நடக்கும்.